முன்னால் போன ரயிலுக்குச் சொன்னது

திகதி போடாமல் நான் எதையும் எழுதி வைப்பதில்லை. பனி பெய்தாலும் போடுவேன், பாண் விலை கூடினாலும் போடுவேன். இந்தச் சம்பவத்துக்கு மட்டும் திகதி தரமாட்டேன். இரண்டாயிரங்களின் நடுப்பகுதி, ஒக்ரோபர் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். சம்பந்தப்பட்ட சிலர் இன்னும் அதே வேலையில் இருக்கிறார்கள். நாள் தெரிந்தால் ஆளைப் பிடித்துவிடலாம். நான் அவர்களுக்குக் காட்டுகிற இந்தக் கரிசனையை எனக்கு ஒருவரும் காட்டவில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அப்போது நான் தெற்கு லண்டனில் ரயில் ஓட்டிக்கொண்டிருந்தேன். வீடு தோர்ண்டன் ஹீத்தில். காலையில் கந்தோருக்குப் போகிற சனத்தை நகரத்துக்குள் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு, பின்னேரம் திரும்ப அள்ளிக்கொண்டு வருகிற வேலை. எங்கள் பாதையில் சாரதியோடு கூட வருகிற கார்ட் கிடையாது. கதவைத் திறப்பது, பூட்டுவது, அறிவிப்புச் சொல்வது, ரேடியோவில் கதைப்பது எல்லாம் சாரதி ஒருவனே. வந்த புதிதில் பெற்றோல் நிலையங்களில் நின்று கால் கடுத்தவன் நான். இந்த வேலைக்கு விண்ணப்பித்து, சோதனைகளில் தேறி, ஒரு வருடத்துக்கு மேல் பயிற்சி எடுத்து, தனியாக ஓட்டத் தொடங்கியபோது என் மனைவி டூட்டிங்கில் இருந்து ஒரு பெட்டி லட்டு வாங்கித் தெரு முழுக்கக் கொடுத்தாள். அவ்வளவு பெரிய விஷயம் அது எங்களுக்கு.

சிவப்பு விளக்கு எரிந்தால் ரயில் நிற்க வேண்டும். இது குழந்தைக்கும் தெரியும். அந்த விளக்கே பழுதாகி, முன்னால் பாதை காலியாக இருந்தும் சிவப்பிலேயே நின்றுவிட்டால் என்ன செய்வது என்பது பயணிகள் பலருக்குத் தெரியாது. சாரதி தன் எண்ணத்துக்கு எடுத்துக்கொண்டு போக முடியாது. ரேடியோவில் சிக்னல்காரரைக் கூப்பிட வேண்டும். அவர் எங்கேயோ ஒரு கட்டடத்தில், பாதை முழுவதும் விளக்குப் புள்ளிகளாகத் தெரிகிற பலகைக்கு முன்னால் இருப்பார். அவர் உங்கள் ரயிலின் இலக்கத்தைச் சொல்ல வேண்டும். எந்தச் சிக்னலில் நிற்கிறீர்கள் என்பதை உங்கள் வாயால் கேட்க வேண்டும். அந்தச் சிக்னலைச் சிவப்பில் தாண்ட அனுமதி தருகிறேன், இன்ன சிக்னல் வரைக்கும் போகலாம், இடையில் பாதை பிரிகிற இடத்தில் தண்டவாளம் உங்கள் பக்கம் திருப்பி, அசையாமல் பூட்டியிருக்கிறது, எதிலும் முட்டாமல் நிறுத்தக்கூடிய வேகத்தில் மெதுவாகப் போங்கள் என்று சொல்ல வேண்டும். நீங்கள் அதை முழுவதும் திருப்பிச் சொல்ல வேண்டும். அவர் “சரி” என்று சொன்ன பிறகுதான் உங்கள் கை கைப்பிடிக்குப் போகலாம்.

எழுத்துகளை எழுத்தாகச் சொல்லக் கூடாது; ஆல்பா, பிராவோ என்று பெயர் வைத்துச் சொல்ல வேண்டும். நூற்றி இருபத்தேழு என்று சொல்லக் கூடாது. ஒன்று, இரண்டு, ஏழு என்று ஒவ்வொன்றாக உடைத்துச் சொல்ல வேண்டும். வெளியில் இருந்து கேட்கிறவனுக்கு இது இரண்டு பைத்தியங்கள் கதைப்பது மாதிரித்தான் இருக்கும்.

பயிற்சி வகுப்பில் எனக்குக் கஷ்டமாக இருந்தது ஆங்கிலம் அல்ல. திருப்பிச் சொல்வதுதான். எங்கள் வீடுகளில் பெரியவர் ஒருவர் சொன்னதை அப்படியே சொல்லுக்குச் சொல் திருப்பிச் சொன்னால் “என்ன, பழிக்கிறியோ?” என்று வாயில் அடி விழும். அந்தக் கூச்சத்தைக் களைய எனக்குச் சில கிழமைகள் எடுத்தன. களைந்த பிறகு அந்த முறையில் எனக்கு ஒரு பெரிய மரியாதை வந்தது. நூலகத்தில் ரயில் சம்பந்தமான புத்தகங்களாகத் தேடி வாசித்தேன். அமெரிக்காவில் ஒற்றைப் பாதைகளில் உத்தரவை மெல்லிய தாளில் எழுதி, நீண்ட கம்பின் நுனியில் செருகி, ஓடுகிற ரயிலில் நிற்கிறவர் கையால் பறிக்கும்படி நீட்டுவார்களாம். அதை எழுதிய தந்திக்காரரும் முதலில் அனுப்பியவருக்குத் திருப்பிச் சொல்லித்தான் ஆக வேண்டும். பிறகு அதே வேலையை ரேடியோ எடுத்துக்கொண்டது. நாடு மாறினாலும் கருவி மாறினாலும் இந்த ஒன்று மட்டும் மாறவில்லை: சொன்னவர் தான் சொன்னதைக் கேட்டவரின் வாயால் திரும்பக் கேட்க வேண்டும். ஆட்கள் செத்து, செத்துக் கண்டுபிடித்த முறை இது.

இனி அந்தச் செவ்வாய்க்கிழமை. ஆங்கிலத்தில் நடந்த பேச்சையும் எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன். என் கோபம் அதில்தான் சரியாக வரும்.

காலை நெரிசல் நேரம். பெட்டிகளில் ஆட்கள் ஒருவர் முதுகில் ஒருவர் ஒட்டி நின்றார்கள். நகரத்துக்குப் போகிற பாதையில், பாதை இரண்டாகப் பிரிகிற இடத்துக்குச் சற்று முன்னால் ஒரு சிக்னல். அது சிவப்பு. நின்றேன். ரேடியோ பொத்தானை அழுத்தினேன். ஓர் ஆணின் குரல், களைத்த குரல், வந்தது.

“ஓ, அதோ? அது பழுது, மச்சான். முன்னால போனவனுக்குச் சொன்னதுதான் உனக்கும். வா.”

“முன்னால போனவருக்கு என்ன சொன்னீங்கள் எண்டு எனக்குத் தெரியாது. நான் நிக்கிற சிக்னலின்ரை இலக்கம்...” என்று தொடங்கினேன்.

“நீ எங்கை நிக்கிறாய் எண்டு எனக்குத் தெரியும். பலகையில தெரியுது.”

“எதுவரைக்கும் போக வேணும்? பிரியிற இடம் எனக்குப் பூட்டியிருக்கோ?”

“நீ புதுசோ? காலமை முழுக்க எல்லாரும் வாறாங்கள். நீயும் வா.”

“முழுசாச் சொல்லுங்கோ. நான் திருப்பிச் சொல்லுறன். பிறகு வாறன்.”

துண்டித்துவிட்டார். திரும்ப அழைத்தேன். ரேடியோவின் சின்னத் திரையில் ‘காத்திரு’ என்ற சொல் மட்டும் வந்து நின்றது.

இதில் நான் பிடிவாதக்காரன் மாதிரித் தெரியலாம். என் அறிவிப்பைக் கேட்ட பயணிகளுக்கும் அப்படித்தான் தெரிந்திருக்கும். ஒருவன் என் கதவில் குத்தி, “உனக்கு ஓட்டத் தெரியுமோ, இல்லாட்டி ஓட்டத் தெரிஞ்ச ஒருத்தனைக் கூப்பிடு!” என்றான். ஆனால் யோசித்துப் பாருங்கள். எனக்கு முன்னால் போன ரயில் அந்தப் பிரிவில் நேராகப் போகிற ரயில். என்னுடையது இடது பக்கம் திரும்புகிற ரயில். முன்னால் போனவருக்குச் சொன்னது எனக்கும் என்றால், அவருக்குப் பூட்டிய பாதைதானே எனக்கும் பூட்டியிருக்கும்? ஆயிரம் பேருக்குக் கிட்ட முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, “வா” என்ற ஒரு சொல்லை நம்பி அதற்குள் போக நான் என்ன ஆட்டோவா ஓட்டுகிறேன்?

கடைசியில் வேறொரு குரல் வந்தது. ஒரு பெண், அங்கே இருந்த இன்னொரு சிக்னல்காரர். அவர் சிக்னல் இலக்கத்தில் இருந்து மெதுவாகப் போவது வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னார். நான் திருப்பிச் சொன்னேன். “சரி” என்றார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அந்த ஒரு நிமிடத்தைத் தர மறுத்ததால்தான் எனக்குப் பின்னால் குரொய்டன் வரைக்கும் ரயில்கள் வரிசையாக நின்றன.

மத்தியானம் சாரதிகள் ஓய்வெடுக்கிற அறைக்குப் போனேன். அங்கே கெற்றிலுக்குப் பக்கத்தில் என் நண்பர் நின்றார். மலேசியாவில் இருந்து படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவர், என்னைவிட நாலைந்து வயது இளையவர். அந்த டிப்போவில் தமிழர் என்று இருந்தது நாங்கள் இருவர்தான். எனக்கு முன்னால் போன ரயிலை ஓட்டியவர் அவரேதான்.

“என்னா அண்ணே, நடுரோட்டுல வண்டிய போட்டு தவம் பண்ணீங்களாமே? ஊரே பேசுது!”

“உமக்கு அவர் என்ன சொன்னவர்?”

“எனக்கா? ‘போன வண்டி மாதிரிதான், வா’ன்னான். நான் வந்துட்டேன். எல்லாரும் அப்படித்தான வந்தாங்க லா.”

“பிரிவு பூட்டியிருக்கோ எண்டு கேட்டனீரோ?”

“கண்ணால பாத்துக்கிட்டே மெதுவா வந்தேன். அண்ணே, நீங்க ரூல் புக்க கல்யாணம் பண்ணிக்கிட்டீங்க. அண்ணிக்கு தெரியுமா?”

சுற்றி நின்ற வெள்ளைக்காரச் சாரதிகளும் என்ன பகிடி என்று விளங்காமலே சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அந்தக் கிழமையே மனேஜர் கூப்பிட்டார். நல்ல மரியாதையான மனிதர். கதிரையை இழுத்துப் போட்டு, தேத்தண்ணி வேணுமா என்று கேட்டு, அதற்குப் பிறகுதான் கத்தியை எடுத்தார்.

இந்த நாட்டு ரயிலில் ஒரு தாமதம் நடந்தால் அதற்கு ஒரு சொந்தக்காரன் வேண்டும். ரயில் ஓட்டுகிறவர்கள் ஒரு பக்கம், பாதையும் சிக்னலும் பார்க்கிறவர்கள் மறுபக்கம். இரண்டு பக்கமும் கூடியிருந்து, இது உன்னுடையது, அது என்னுடையது என்று பங்கு பிரிப்பார்கள். சிக்னல் பழுது அவர்கள் தலையில் விழுந்தது. நான் நின்ற நேரத்துக்கு மட்டும் ஆள் தேவைப்பட்டது. சிக்னல்காரர் சரியாகச் சொல்லவில்லை என்றால் அவர்கள் பிழை. நான் சரியாகக் கேட்கவில்லை என்றால் எங்கள் கம்பனியின் பிழை. இரண்டு பக்கமும் மனம் நோகாமல் எழும்ப ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: என் நாக்கு.

“ஒருத்தரிலும் குற்றம் இல்லை,” என்றார் மனேஜர். “ஆங்கிலம் உங்கடை தாய்மொழி இல்லைத்தானே. அவசரத்தில் விளங்கியிருக்காது. அது இயல்பு. இந்தத் தாளில் கையெழுத்து வையுங்கோ. சின்ன ஒரு பயிற்சி. முடிச்சுப்போட்டுத் திரும்ப ஓட்டலாம்.”

தாளை வாசித்தேன். பாதுகாப்புச் சம்பந்தமான உத்தரவை மொழிச் சிக்கலால் விளங்கிக்கொள்ளத் தவறினேன் என்று எழுதியிருந்தது. அதில் கையெழுத்து வைத்தால் அது என் கோப்பில் நான் ஓய்வு பெறும் வரைக்கும் இருக்கும். நாளைக்கு எவன் ஒருவன் பிழை விட்டாலும், “ஓ, அந்த இங்கிலிஷ் விளங்காத ஆளோ?” என்று முதலில் என்னைத்தான் பார்ப்பார்கள்.

“எனக்கு எல்லாம் விளங்கினது,” என்றேன். “சொல்லாமல் விட்டதுதான் விளங்கேல்லை.”

“நீங்கள் கையெழுத்து வைக்காட்டி இது விசாரணைக்குப் போகும். அதுவரைக்கும் ஓட்ட விடேலாது. விசாரணையில் பிழை எண்டு வந்தால் ஓட்டுற வேலையே போகலாம்.”

“போகட்டும்.”

போகட்டும் என்று சொன்ன வாய்க்கு, வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொல்லத் தெரியவில்லை. சாப்பிட்டு முடிந்த பிறகு சொன்னேன்.

யூனியன் பிரதிநிதி ஓர் ஆங்கிலேயர், கனத்த உடம்பு, கெட்ட வார்த்தை இல்லாமல் ஒரு வசனம் வராது. அவர் சொன்னார்: “ரேடியோப் பேச்சு எல்லாம் பதிவாகுது. அண்டைக்குக் காலமை முழுக்க நடந்த பதிவை இப்பவே தரச்சொல்லிக் கேள். அவன் எல்லாருக்கும் அரைகுறையாத்தான் சொன்னவன் எண்டு நாங்கள் காட்டலாம். கொஞ்ச நாள்தான் வைச்சிருப்பாங்கள், பிறகு அழிச்சுப்போடுவாங்கள். கெதியாச் சொல்லு.”

நான் ஓம் என்று சொல்லவில்லை.

இதை விளங்கப்படுத்த வேண்டும். காலை முழுக்க நடந்த பதிவைத் தரச்சொல்லிக் கேட்டால், அதில் என் குரல் மட்டும் இருக்காது. ‘வா’ என்ற ஒரு சொல்லுக்குச் சிவப்பைத் தாண்டிய ஒவ்வொரு சாரதியின் குரலும் இருக்கும். மலேசிய நண்பரின் குரல் என்னுடையதற்கு உடனே முன்னால் இருக்கும். அவர்கள் எல்லாரையும் மேசைக்கு இழுத்து, ‘ஏன் தாண்டினாய்?’ என்று கேட்பார்கள். யுத்த காலத்தில் எங்கள் ஊரை ஆமி சுற்றிவளைத்தால் எங்களை வரிசையில் நடத்துவார்கள். எங்களில் ஒருவனே, முகத்தை மூடிக்கொண்டு, ஜீப்பில் இருப்பான். அவன் தலையை ஆட்டினால் ஆள் முடிந்தது. அவனைத் தலையாட்டி என்போம். அதைவிடக் கேவலமான பெயர் எங்களிடம் இல்லை. லண்டன் வந்து எத்தனையோ பழக்கங்களை விட்டுவிட்டேன், அந்த அருவருப்பு மட்டும் போகவில்லை. என்னைக் காப்பாற்ற நான் தலையாட்டியாவதோ? என்னுடைய பேச்சை மட்டும் எடுத்துப் போடுங்கள், மற்றவர்களுடையது வேண்டாம் என்றேன்.

பிரதிநிதிக்குத் தலையும் விளங்கவில்லை, வாலும் விளங்கவில்லை. “இது ரயில்வே, யுத்தம் இல்லை!” என்று கத்தினார். எங்கள் கம்பனி என் பேச்சின் பதிவைக்கூட பாதைப் பக்கத்தாரிடம் கேட்டு வாங்கவில்லை. கேட்டோம், தாமதமாகிவிட்டது என்று பிறகு சொன்னார்கள். பதிவு எல்லாம் அழிந்து போனது.

என் மனைவி ஒரு மருந்துக் கடையில் வேலை செய்கிறவள், நிதானமானவள். அன்றைக்கு அவளுக்கும் பொறுக்கவில்லை.

“இஞ்சாருங்கோ, தலையாட்டி எண்டால் சும்மா இருந்த ஆக்களைக் காட்டிக் குடுத்தவன். இவங்கள் சும்மா இருந்தவங்களோ? சனத்தை ஏத்திக்கொண்டு சிவப்பைத் தாண்டினவங்கள். அதைச் சொல்லுறது காட்டிக் குடுக்கிறதோ?”

“அவர் எங்கடை ஆள்.”

“அப்ப அந்த ரயிலில இருந்த சனம் ஆருடைய ஆள்?”

தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைக்க எழும்பிப் போனேன்.

விசாரணைக்கு நாள் குறிக்கும்வரை என்னை ஒரு ஸ்டேஷனில் போட்டார்கள். பிளாட்பாரத்தில் என்ன வேலை தெரியுமா? அறிவிப்பு. இங்கிலிஷ் விளங்காது என்று ஓட்டாமல் நிறுத்திய ஆளிடம் மைக்கைக் கொடுத்து, காலை முழுக்க ஆயிரக்கணக்கான ஆட்களுக்கு இங்கிலிஷில் அறிவிப்புச் சொல்லச் சொன்னார்கள். எந்த ரயில் தாமதம், எந்த ரயில் ரத்து, எந்தப் பிளாட்பாரத்துக்கு மாற வேண்டும். மாரி காலம் முழுக்கச் சொன்னேன். ஒருவராவது விளங்கவில்லை என்று வந்து முறையிடவில்லை. இந்த வேடிக்கையை மனேஜரிடம் சொன்னபோது அவர் மிகவும் இனிமையாக, “பாருங்கோ, எவ்வளவு முன்னேற்றம்!” என்றார். அந்த இனிமைக்கு அவர் முகத்தில் தேத்தண்ணியை ஊற்றியிருக்க வேண்டும். ஊற்றவில்லை.

விசாரணைக்கு ஒரு கிழமை முன்னால் கம்பனி பக்கத்துத் தாள்கள் கையில் கிடைத்தன. அதில் சாரதிகள் சிலருடைய வாக்குமூலம் இருந்தது. அன்று காலை சிக்னல்காரர் தங்களுக்கு முழு உத்தரவையும் முறைப்படி தந்ததாகவும், தாங்கள் முறைப்படி திருப்பிச் சொன்னதாகவும், எந்தச் சிக்கலும் இருக்கவில்லை என்றும் எழுதியிருந்தது. ஒரே வாசகம், ஒரே ஆள் எழுதிக் கொடுத்தது மாதிரி. மூன்றாவது கையெழுத்து மலேசிய நண்பருடையது.

நான் எவர்களுக்காக வாயை மூடினேனோ அவர்கள்தான் கூடிநின்று என்னைக் காட்டியிருந்தார்கள். அதுவும் உண்மையைச் சொல்லி அல்ல, பொய் சொல்லி. முகத்தை மூடாமலே.

அவருக்குப் போன் எடுத்தேன்.

“கையெழுத்து வைச்சனீரோ?”

“அண்ணே, வைக்கலன்னா என்னையும் இழுப்பாங்க. எனக்கு வீடு, பிள்ளைங்க...”

“எனக்கு மட்டும் என்ன, வீட்டில ஆட்டுக்குட்டியோ?”

“நீங்களும் பேசாம அந்த பேப்பர்ல சைன் வச்சிருக்கலாம்ல? சும்மா ஒரு டிரெய்னிங்தானே. எதுக்கு வம்பு?”

போனை வைத்துவிட்டேன். அன்றிரவு பிரதிநிதியைக் கூப்பிட்டு, எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன் என்றேன். அவர் நீளமாக மூச்சு விட்டார். “இப்ப சொல்லி என்ன? பதிவு இல்லை. அவங்கள் இத்தனை பேர், நீ ஒராள்.”

விசாரணை ஒரு கூட்ட அறையில் நடந்தது. மனேஜர், அவருக்கு மேலே ஒருவர், பாதைப் பக்கத்தில் இருந்து ஒருவர், நான், பிரதிநிதி. நான் என் கதையைச் சொன்னேன். மற்றவர்களும் அரைகுறை உத்தரவில்தான் போனார்கள், அதை ஒருவர் என்னிடமே சொன்னார் என்றேன். யார் என்று கேட்டார்கள். இவ்வளவு நடந்த பிறகும் அந்தப் பெயர் என் வாயில் வரவில்லை. வராத என் வாயின்மேல் எனக்கே எரிச்சல் வந்தது. மனேஜருக்கு மேலானவர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, “அப்படியென்றால் மற்றவர்கள் எல்லாரும் பொய், நீங்கள் ஒருவர்தான் உண்மை. அப்படியா?” என்றார்.

“ஓம்,” என்றேன், தமிழிலேயே.

பிறகு சிக்னல்காரரைக் கூப்பிட்டார்கள். அவரை நான் அதற்கு முன் கண்டதில்லை, குரல்தான் தெரியும். ஓய்வுக்குக் கிட்டிய வயது, சுருங்கிய கோட்டு, கையில் சாப்பாட்டுப் பெட்டி வைத்த பிளாஸ்டிக் பை. இவர்தான் என் வாழ்க்கையைக் கெடுத்தவர் என்று இவ்வளவு மாதமும் நினைத்திருந்தேன். பிளாஸ்டிக் பையைக் காலடியில் வைத்துவிட்டுக் கதிரையில் இருந்தார்.

“சாரதிக்கு நீங்கள் முழு உத்தரவைக் கொடுத்தீர்கள்தானே?” என்று பாதைப் பக்கத்துக்காரர், ஆம் என்ற பதிலுக்கு மட்டுமே இடம் விட்டுக் கேட்டார்.

“இல்லை.”

பாதைப் பக்கத்துக்காரர் கையில் இருந்த தாளைத் திருப்பிப் பார்த்தார்.

“இலக்கம் குடுக்கேல்லை. எதுவரைக்கும் எண்டு சொல்லேல்லை. அண்டைக்கு விடிய வேலைக்கு வந்ததில இருந்து பலகையில எங்கை பாத்தாலும் சிக்னல் பழுது. ஒருத்தனுக்கும் முழுசாக் குடுக்கேல்லை. இவன் ஒருத்தன்தான் கேட்டவன்.” என்னைப் பார்க்காமலே சொன்னார். “இவன் செய்தது சரி. எரிச்சல் பிடிச்ச மனுசன். ஆனாச் சரி.”

பிரதிநிதி மேசைக்குக் கீழே என் முழங்காலைப் பிடித்து அமத்தினார். வென்றுவிட்டோம் என்று அர்த்தம்.

எனக்கு வந்தது சந்தோஷம் அல்ல. இதை எழுதுகிறபோதும் அதே சூடு வருகிறது. ஒக்ரோபரில் இருந்து நான் சொன்னது அதே வசனம். இலக்கம் தரவில்லை, எதுவரை என்று சொல்லவில்லை. என் வாயில் இருந்து வந்தபோது அது மொழிச் சிக்கல். அவர் வாயில் இருந்து வந்த அரை நிமிடத்தில் அது உண்மையாகிவிட்டது. மனேஜருக்கு மேலானவர் கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டு, “அப்படியென்றால் விஷயம் தெளிவாகிவிட்டது,” என்றார். யாருக்குத் தெளிவாகிவிட்டது? எனக்கு முதல் நாளே தெளிவாகத்தானே இருந்தது?

அந்த மனிதரை வெளியே படியில் கண்டேன். நன்றி சொல்ல வேண்டும் என்று வாய் திறந்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். “உனக்காகச் சொல்லேல்லை. அந்தப் பிரிவை நான் பூட்டினேனா இல்லையா எண்டு எனக்கு இப்பவும் ஞாபகம் இல்லை. நீ வந்திருந்தால்...” என்றவர், முடிக்காமல், பையைத் தூக்கிக்கொண்டு பஸ் தரிப்புப் பக்கம் போனார். அவரில் எனக்கு இருந்த கோபம் அந்தப் படியோடு முடிந்தது. மற்றவர்களில் முடியவில்லை.

பிறகு கம்பனியில் இருந்து கடிதம் வந்தது. மேல் நடவடிக்கை இல்லை. அதற்குக் கீழே, சாரதியின் தொடர்பாடல் திறனில் ஏற்பட்டுள்ள முன்னேற்றத்தை மகிழ்ச்சியோடு கவனித்துள்ளோம் என்று ஒரு வரி. அந்த வரியை எடுக்கச் சொல்லி எழுதினேன். பதில் இல்லை. திரும்ப எழுதினேன். அந்த வரி இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். பொய்யாகக் கையெழுத்து வைத்தவர்களை ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. அதைக் கிளறினால் அந்தக் காலை முழுவதையும் கிளற வேண்டும். அதற்கு இரண்டு பக்கத்துக்கும் விருப்பமில்லை.

மாசி மாதம் திரும்ப ஓட்டப் போனேன். முதல் நாள் ஓய்வு அறையில் நான் நுழைந்ததும் பேச்சு நின்றது. சிலர் தோளில் தட்டினார்கள். ஒருவர் கைகூடத் தந்தார். அவருடைய கையெழுத்து அந்தத் தாள்களில் முதலாவதாக இருந்தது. மலேசிய நண்பர் மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். எல்லாரும் போன பிறகு வந்தார்.

“மன்னிச்சிடுங்க அண்ணே.”

“எதுக்கு?”

“அதான்... நடந்ததுக்கு.”

“என்ன நடந்தது? முழுசாச் சொல்லும்.”

அவர் என் முகத்தைப் பார்த்தார். பகிடி விடுகிறேனோ என்று தேடியிருப்பார். நான் பகிடி விடவில்லை.

“அன்னிக்கு நான் ஆர்டர் வாங்காம சிவப்ப தாண்டினேன்,” என்றார் மெதுவாக. “பிரியிற இடம் பூட்டியிருக்கான்னு கேக்கல. அப்புறம் வாங்கினேன்னு எழுதிக் கொடுத்தேன். அது பொய். நீங்க என் பேரச் சொல்லலன்னு தெரிஞ்சே எழுதினேன்.”

நான் அதைத் திருப்பிச் சொன்னேன், ஒன்றும் விடாமல், வசனம் வசனமாக. அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். கடைசியில், “சரியாண்ணே?” என்றார்.

“நீர் சொன்னது விளங்கினது,” என்றேன். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. பையை எடுத்துக்கொண்டு என் ரயிலுக்குப் போனேன்.